பத்து நாள் கியூபா: கோவை வாசகருக்குப் பதில்

கேள்வி: வங்கியில் 34 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி நாள் வரை தொழிற்சங்கத்தில் இருந்தேன். 1992-ல் கியூபாவுக்குக் கோதுமை அனுப்ப உண்டியல் குலுக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. வரும் ஜனவரியில் டொராண்டோவில் மகள் வீட்டுக்குப் போகிறோம் (பெற்றோருக்குக் கனடா தரும் சூப்பர் விசா). அங்கிருந்து பிப்ரவரியில் பத்து நாள் கியூபா போய்வர ஆசை. ஹவானா, வினியாலெஸ், சாண்டா கிளாரா, டிரினிடாட், சாண்டியாகோ எல்லாம் பார்க்க வேண்டும். மகளோ, "வரதேரோவில் ஒரு ரிசார்ட்டில் ஒரு வாரம் இருங்கள், வெளியே சுற்ற வேண்டாம்" என்கிறாள். என் மனைவி சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முழங்கால் வலி வேறு. ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிற ஊரில் நாம் போய் ஊர் சுற்றுவது நன்றாகவா இருக்கும் என்று கேட்கிறாள். எனக்குச் சர்க்கரை உண்டு. கம்யூனிஸ்ட் நாட்டுக்குப் போய் வந்தால் பிறகு அமெரிக்க விசாவுக்குச் சிக்கல் வருமா? இன்னொன்று: மருமகன் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், வேலை விஷயமாக மாதாமாதம் அமெரிக்கா போகிறவர். கடைசி மூன்று நாள் எங்களோடு வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்கிறார்.

தோழமையுடன், ஒரு வாசகர், கோவை.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது. இன்றைக்கே மருமகனைக் கூப்பிட்டு, கியூபாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் அமெரிக்காவுக்குத் தனி விசா எடுப்பதில்லை. எஸ்டா என்கிற இணைய அனுமதி ஒன்றே போதும். ஆனால் அமெரிக்கா 2021 ஜனவரி 12-ம் தேதி, பயங்கரவாதத்துக்கு ஆதரவு தரும் நாடுகளின் பட்டியலில் கியூபாவை மறுபடியும் சேர்த்தது. அந்தத் தேதிக்குப் பிறகு கியூபாவில் கால் வைத்தவர்களுக்கு எஸ்டா கிடையாது. மூன்று நாளானாலும் முப்பது நாளானாலும் ஒன்றுதான். பாஸ்போர்ட்டில் முத்திரை விழவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் முடியாது, விண்ணப்பத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. 2025 ஜனவரியில் பைடன் பதவி விலகும் வாரத்தில் கியூபாவைப் பட்டியலிலிருந்து எடுப்பதாக அறிவித்தார். டிரம்ப் பதவியேற்ற அன்றே அந்த அறிவிப்பை ரத்து செய்தார். மருமகன் கியூபா போய் வந்தால் அதன் பிறகு அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலுக்குத் தேதி வாங்கி முறையான விசா எடுக்க வேண்டும். கிடைக்காது என்று சொல்லவில்லை. ஆனால் மாதாமாதம் போகிறவருக்கு அந்தக் காத்திருப்பு வேலையையே பாதிக்கும். லண்டனிலும் பாரிஸிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு இது தெரியாது. ஒரு வாரக் கடற்கரைக்கு ஆசைப்பட்டுப் போய்விட்டு, அடுத்த கோடையில் நியூஜெர்சியில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாமல் தவித்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் இந்தத் தொல்லை இல்லை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு எஸ்டாவே கிடையாது. நாம் எப்படியும் விசா எடுத்துத்தான் போகிறோம். அமெரிக்க விசா படிவத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் போன நாடுகளைக் கேட்பார்கள், கியூபா என்று உள்ளதை எழுதிவிடுங்கள். கனடா பாஸ்போர்ட் என்றால் மகளுக்கும் எஸ்டா தேவையில்லை, அவர் தாராளமாக வரலாம். ஒன்று மட்டும்: மியாமி வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் வெறும் சுற்றுலாவுக்காகக் கியூபா போவதற்கு இடமில்லை, நடுவில் இறங்க உங்களுக்கு அமெரிக்க விசாவும் வேண்டும். டொராண்டோவிலிருந்து நேரே போய் நேரே திரும்புங்கள். மூன்றரை மணி நேரப் பயணம்தான்.

கியூபா விசா. பழைய பச்சை நிற சுற்றுலா அட்டை போய், இப்போது மின்விசா வந்துவிட்டது. கனடாக்காரர்களுக்கு அது பெரும்பாலும் விமான டிக்கெட்டோடு சேர்ந்தே வரும். இந்திய பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். டொராண்டோவில் கியூபாவின் துணைத் தூதரகம் இருக்கிறது, டெல்லியில் தூதரகம் இருக்கிறது. எது வசதியோ அங்கே நேரடியாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிட்டு டிக்கெட் எடுங்கள். அப்புறம், கிளம்புவதற்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் டி-வியாஹெரோஸ் என்ற அரசு இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். நிரப்பினால் ஒரு கியூஆர் கோடு வரும். அதைத் தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள், போன் சார்ஜை நம்ப வேண்டாம். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் போலித்தளம்.

சூப்பர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதால் கனடாவுக்குத் திரும்புவதில் சிரமம் இருக்காது. ஆனாலும் காலாவதித் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கவனிக்க வேண்டியது காப்பீடு. சூப்பர் விசாவுக்காக மகள் எடுத்த மருத்துவக் காப்பீடு கனடாவுக்கானது. பக்கத்து நாட்டுப் பயணத்துக்கு அது எத்தனை நாள் செல்லும், செல்லுமா என்பதே பாலிசிக்குப் பாலிசி மாறும். கியூபா 2010-லிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பத்து நாளுக்குத் தனியாக ஒன்று எடுங்கள், சர்க்கரையை மறைக்காமல் எழுதி எடுங்கள். கனடா அரசின் பயண எச்சரிக்கைப் பக்கத்தையும் டிக்கெட் எடுக்கும் அன்று ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும். "அவசியமில்லாத பயணத்தைத் தவிர்க்கவும்" என்று அதில் போட்டிருந்தால் போகாதீர்கள். பல காப்பீடுகள் அந்த ஒரு வரியைக் காட்டிப் பணம் தர மறுத்துவிடும். எரிபொருள் தட்டுப்பாடு உள்ள நாடு அது. விமான சேவை குறைவதும் நிற்பதும் நடக்கக் கூடியதுதான். எனவே ரத்தானால் முழுப் பணமும் திரும்பி வரும் டிக்கெட்டாக, கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்குங்கள்.

சரி, ஊருக்கு வருவோம்.

உங்கள் பட்டியலில் ஐந்து ஊர் இருக்கிறது. மேப்பில் கியூபா சின்னத் தீவாகத் தெரிவதால் வருகிற ஆசை அது. ஹவானாவிலிருந்து சாண்டியாகோ 850 கிலோமீட்டருக்கு மேல். ஃபிடலின் சாம்பல் வைத்த பாறை அங்கே சாண்டா இஃபிகேனியா கல்லறையில் இருக்கிறது. நீங்கள் அதற்காகத்தான் எழுதியிருப்பீர்கள் என்று புரிகிறது. ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள். நடுவில் பஸ் நின்றால் இன்னொரு நாளும் போய்விடும். அதை விட்டுவிடுங்கள். மேற்கே வினியாலெஸையும் விடுங்கள். சுண்ணாம்புக் குன்றுகளும் புகையிலை வயலும் அழகுதான். ஆனால் அந்த மண்சாலையில் நடப்பதும் குதிரையில் போவதும் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது.

நான் போட்டுத் தருவது இது: ஹவானாவில் நான்கு இரவு, டிரினிடாட்டில் மூன்று இரவு, வழியில் சாண்டா கிளாராவில் அரை நாள், மிச்சத்துக்கு வரதேரோ. மகள் சொன்னதையும் தள்ளவில்லை பாருங்கள், கடைசியில் வைத்திருக்கிறேன். காரணம் பிறகு சொல்கிறேன்.

ஹவானாவில் பழைய நகரம் 1982-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நகரத்தின் வரலாற்றாளர் என்ற பதவியில் இருந்து அதை ஒவ்வொரு சதுக்கமாகப் பழுதுபார்த்து எடுத்தவர் எவுசேபியோ லியால். 2020-ல் காலமானார். அவர் கை பட்ட நான்கு சதுக்கங்களைச் சுற்றிலும் சுண்ணாம்பு வாசனை போகாத மாளிகைகள். இரண்டு தெரு தள்ளிப் போனால் மரக்கட்டை முட்டுக் கொடுத்து நிற்கும் வீடுகள், அள்ளப்படாத குப்பை. அந்தப் பக்கத் தெருக்களில் நடக்கும்போது பால்கனிகளுக்கு அடியில் நடக்காதீர்கள், தெருவின் நடுவே நடங்கள். காரை பெயர்ந்து விழுவது அங்கே அன்றாடச் செய்தி. மாலையில் மலெகோன் கடற்கரைச் சுவரில் போய் உட்காருங்கள். செலவே இல்லாத பொழுதுபோக்கு. ஊரே அங்கேதான் வந்து உட்காரும், நம் மெரினாவில் சுண்டல்காரர் மட்டும் குறைகிற மாதிரி.

புரட்சிச் சதுக்கத்தில், உள்துறை அமைச்சகக் கட்டடத்தின் முகப்பில் சே குவேராவின் முகம் இரும்புக் கோட்டில் இருக்கும். பக்கத்துக் கட்டடத்தில் அவருடைய புரட்சித் தோழர் கமிலோ சியன்ஃபுவேகோஸ். ஃபிடலைத் தேடாதீர்கள். தன் பெயரில் சிலையோ தெருவோ கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனதை, 2016-ல் அவர் இறந்த அடுத்த மாதமே சட்டமாக்கிவிட்டார்கள். நம்மூர்க்காரர்களுக்கு நம்பவே முடியாத விஷயம் இது. நான் கூட்டிப்போன குழுவில் ஒருவர் இரண்டு நாள் தேடினார்.

சாண்டா கிளாராவை உங்களுக்காகத்தான் சேர்த்தேன். 1958 டிசம்பர் கடைசியில் சேவின் ஆட்கள் புல்டோசரை வைத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்து, ஆயுதம் ஏற்றி வந்த ரயிலைக் கவிழ்த்த இடம். பெட்டிகளும் புல்டோசரும் அங்கேயே நிற்கின்றன. ஊருக்கு வெளியே நினைவிடம். பொலிவியாவில் கண்டெடுத்த எலும்புகளை 1997-ல் கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே பையும் கேமராவும் கூடாது. திங்கட்கிழமை போய்விடாதீர்கள், பூட்டியிருக்கும். பாதிப் பேர் கோட்டை விடுவது அதில்தான்.

டிரினிடாட் 1514-ல் உண்டான ஊர். ஊருக்கு வெளியே சர்க்கரை ஆலைப் பள்ளத்தாக்கு என்று ஒன்று இருக்கிறது. கரும்பு என்றால் உங்களுக்கு நொய்யல் கரை நினைவு வரலாம். அங்கே மனாகா இஸ்னாகா என்ற தோட்டத்தில் 45 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கும். அழகுக்குக் கட்டியது என்றுதான் முதலில் தோன்றும். கரும்பு வெட்டும் ஆப்பிரிக்க அடிமைகளைக் கண்காணிக்கவும், மணி அடித்து வேலைக்கு எழுப்பவும் கட்டியது. கியூபாவில் அடிமை முறை ஒழிந்தது 1886-ல்தான். மேலே ஏறப் படிகள் குறுகல். அம்மா கீழேயே இருக்கட்டும், கரும்புச் சாறு விற்பார்கள். குவாராபோ என்பார்கள், சுவை நம்மூர்ச் சாறுதான். நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். டிரினிடாட் தெருக்கள் முழுக்க உருண்டைக் கல் பாவியவை. நல்ல பிடிப்புள்ள ஷூ இல்லாமல் அம்மாவை அங்கே நடக்க வைக்காதீர்கள். தங்கும் வீடும் தரைத்தளத்தில், கல் தெரு தொடங்குவதற்கு வெளியே இருக்கட்டும்.

ஊருக்கு ஊர் போவது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் பயணத்தின் பாதி. கார் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பெட்ரோல் வரிசையில் ஒரு பகல் போகும், இரவில் விளக்கில்லாத சாலையில் குதிரை வண்டி எதிரே வரும். வியாசூல் என்ற அரசு பஸ்ஸில் வெளிநாட்டவர் முன்பதிவு செய்யலாம். ஆனால் டீசல் இல்லை என்றால் அது வராது. உங்கள் வயதுக்கு, தங்கும் வீட்டுக்காரர் மூலம் ஒரு டாக்சி பேசிக்கொள்வதே நல்லது. பழைய செவர்லே காராக இருந்தால் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 1950-களின் அமெரிக்க உடம்புக்குள் வேறு ஏதோ நாட்டு டீசல் இன்ஜின் இருக்கும். கோவைக்காரர் பார்க்காமல் வரக்கூடாத காட்சி.

இப்போது அம்மாவின் கேள்வி. நீங்கள் கேட்டதிலெல்லாம் இதுதான் பெரிய கேள்வி.

வரிசை இருப்பது உண்மை. 1962-லிருந்து அங்கே ரேஷன் புத்தகம் உண்டு, லிப்ரெத்தா என்பார்கள். நம் ரேஷன் கடைக்கு அரிசி வராத மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அது வருடம் முழுக்க நடக்கிறது. 2021-ல் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 1,528 பெசோ என்று வைத்தார்கள். சில ஆண்டுகளில் தனியார் கடையில் முப்பது முட்டை கொண்ட ஓர் அட்டை அந்தப் பணத்துக்கு வராது என்று ஆகிவிட்டது. ஓய்வூதியக்காரரான உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இளைஞர்கள் கிளம்பிவிட்டார்கள். மக்கள்தொகை ஒரு கோடிக்குக் கீழே போய்விட்டதை அரசின் கணக்கே ஒத்துக்கொள்கிறது. அமெரிக்கத் தடை ஒரு காரணம், சோவியத் போனது ஒரு காரணம், வெனிசுவேலா எண்ணெய் குறைந்தது ஒரு காரணம். உள்ளூர் நிர்வாகமும் ஒரு காரணம்தான், இதையும் சேர்த்துச் சொல்லாமல் விட மாட்டேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

இந்த நிலையில் போகலாமா என்றால், போகலாம் என்பதே என் கட்சி. உங்கள் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது என்பதைப் பார்த்துப் போங்கள், அவ்வளவுதான். வரதேரோவின் பெரிய ரிசார்ட்டுகளில் பலவும் கவியோத்தா என்ற நிறுவனத்துடையவை. அது கியூப ராணுவத்தின் வணிகக் குழுமத்தைச் சேர்ந்தது. வெளிநாட்டு நிறுவனம் நடத்தும், பெயர்ப்பலகை மாட்டும். ஊழியருக்கான சம்பளத்தை அந்த நிறுவனம் அரசின் ஆள்சேர்ப்பு நிறுவனத்திடம் கட்டும், ஊழியருக்கு அங்கிருந்து பெசோவில் கிடைக்கும். 34 ஆண்டு ஊதிய ஒப்பந்தம் பேசியவருக்கு இந்த ஏற்பாட்டைப் பற்றி நான் கருத்துச் சொல்லத் தேவையில்லை.

வீடுகளில் தங்குவது வேறு. 1997-லிருந்து உரிமம் வாங்கி அறை வாடகைக்கு விடுகிறார்கள். காசா பர்த்திகுலார் என்று பெயர். வாசலில் தலைகீழ் நங்கூரம் மாதிரி நீலக் குறி இருக்கும். நான் கடைசியாகப் போனபோது இரவுக்கு 30 யூரோ கொடுத்தேன், காலை உணவு தனி. அந்த யூரோ நேராக வீட்டம்மாவின் கைக்குப் போனது. மறுநாள் அதில்தான் எங்கேயோ அலைந்து எண்ணெய் வாங்கி வந்தார். உங்களுக்கு அமைகிற வீடும் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்களுடையதாகத்தான் இருக்கும். பிள்ளைகள் மியாமியிலோ மாட்ரிட்டிலோ இருப்பார்கள். சாயங்காலம் போன் வரக் காத்திருப்பார்கள். பேச மொழி தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

வீடு பிடிக்கும்போது நான்கு விஷயம் கேளுங்கள். படி ஏற வேண்டுமா? தண்ணீர்த் தொட்டி உண்டா? இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருக்கிறதா? வீடு எந்த மின்பாதையில் இருக்கிறது? கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றும். ஆஸ்பத்திரிக்குப் போகிற லைனில் இருக்கும் வீடுகளுக்கு மின்வெட்டு குறைவு. அங்கே எல்லாரும் அறிந்த ரகசியம் அது. 2024 அக்டோபரில் மாதன்சாஸ் அருகே ஒரு பெரிய அனல்மின் நிலையம் நின்றதும் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. அதன் பிறகும் பலமுறை அப்படி ஆகியிருக்கிறது. தலைநகருக்கு வெளியே தினமும் பல மணி நேரம் போவது வழக்கமாகிவிட்டது. கோவையில் 2012-ல் பட்டறைகள் பாதி நாள் சும்மா நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பொறுமையை மறுபடி எடுத்து வையுங்கள். மின்வெட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல் அபகோன். அதிலிருந்து, கரண்ட் எப்போதாவது வருகிற நேரத்துக்கு அலும்ப்ரோன் என்று ஒரு கேலிச் சொல்லும் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒரு சொல் இல்லாமல் போயிற்றே என்று எனக்குப் பொறாமை.

டார்ச், பவர் பேங்க், கையால் வீசும் விசிறி, கொசு விரட்டும் களிம்பு, இவை நான்கும் கைப்பையில் இருக்கட்டும். டெங்கு, சிக்குன்குனியா, ஓரோபூச்சே என்று கொசுக் காய்ச்சல்கள் அண்மை ஆண்டுகளில் அங்கே பரவியிருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் 110 வோல்ட், தட்டையான பின். போன் சார்ஜர் ஓடும், நம்மூர் கெட்டில் ஓடாது.

வரதேரோவை ஏன் கடைசியில் வைத்தேன் என்று இப்போது புரிந்திருக்கும். ஏழு நாள் இருட்டும் வெயிலும் தாங்கிய பிறகு, ஜெனரேட்டர் ஓடுகிற இடத்தில் இரண்டு மூன்று இரவு படுத்து எழுந்தால் தப்பில்லை. இருபது கிலோமீட்டர் வெள்ளை மணல், அம்மா முழங்காலை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்காரலாம். அறை சுத்தம் செய்கிறவர் கையில் நேராக யூரோ கொடுங்கள், மேஜைமேல் வைக்க வேண்டாம்.

சாப்பாடு. சைவம் என்று சொன்னால் கோழி மட்டும் போடுவார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கருப்பு பீன்ஸும் சோறும் சேர்ந்த மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ் பார்க்கச் சைவமாக இருக்கும், பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். ஆகவே "சின் கார்னே, சின் உவேவோ, சின் மன்தேகா" (கறி இல்லாமல், முட்டை இல்லாமல், பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று ஒரு தாளில் எழுதி வைத்து நீட்டுங்கள். நல்ல செய்தி, காய்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். பூண்டும் புளிப்பு ஆரஞ்சும் ஊற்றிய மரவள்ளிக் கிழங்கு, இரண்டு தடவை பொரித்த வாழைக்காய், சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கின் உறவான மலாங்கா, கிடைத்தால் வெண்டைக்காய். கொய்யாவுக்குக் குறைவில்லை. பப்பாளி வேண்டுமென்றால் ஹவானாவில் "ஃப்ருதா பொம்பா" என்று கேளுங்கள். "பப்பாயா" என்பது அங்கே பெண்களிடம் சொல்லக்கூடாத கெட்ட வார்த்தை. நான் காலைச் சாப்பாட்டு மேஜையில் சத்தமாகக் கேட்டு, வீட்டுக்காரர் பேத்தி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இதெல்லாம் கிடைக்கிற நாளில். கிடைக்காத நாளுக்கு டொராண்டோவிலிருந்தே அவல், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக எடுத்துப் போங்கள். அவலை முக்கியமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே பல வீடுகளில் சமையலே மின் அடுப்பில்தான். கரண்ட் வருகிற நேரம் நள்ளிரவு இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கு எழுந்து சமைப்பார்கள். அவலுக்கு அடுப்பே தேவையில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் நேரம் தவறிச் சாப்பிடும் விளையாட்டு வேண்டாம். பிஸ்கட்டும் கடலையும் எப்போதும் பையில் இருக்கட்டும். மாத்திரையைப் பத்து நாளுக்கு இல்லை, இருபது நாளுக்கு எடுத்துப் போங்கள், மருத்துவர் சீட்டோடு. அங்கே மருத்துவர்கள் திறமைசாலிகள், மருந்துக் கடை அலமாரிதான் காலி.

பணம். கையில் ரொக்கம், அதுவும் யூரோ, சின்ன நோட்டுகளாக, கிழிசல் இல்லாமல். கனடா டாலரும் கொஞ்சம் செல்லும். அமெரிக்க வங்கிகளின் அட்டை அங்கே வேலை செய்யாது. மற்ற அட்டைகளும் மின்சாரமும் இணையமும் இருந்தால்தான். 2015-ல் என் அட்டையை நம்பிப் போய், ஹவானாவில் இரண்டு நாள் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினேன். முப்பது பேருக்கு ஆலோசனை சொல்லிவிட்டு வந்த ஆள்! அரசு மாற்று மையத்தில் 2022 ஆகஸ்டில் டாலருக்கு 120 பெசோ என்று வைத்தார்கள். வெளியே அதைவிடப் பல மடங்கு ஏறியது. ரேட்டும் விதியும் அடிக்கடி மாறுவதால் போய் இறங்கிய அன்று வீட்டுக்காரரிடம் கேட்டு, மூன்று நாளுக்கு வேண்டியது மட்டும் மாற்றுங்கள். தெருவில் யாரிடமும் மாற்றாதீர்கள். சியூசி என்கிற பழைய மாற்றுப் பெசோ நோட்டை யாராவது தந்தால் வாங்காதீர்கள், அந்தப் பணம் 2021-லேயே செத்துப்போனது. சேவின் முகம் போட்ட மூன்று பெசோ நோட்டை ஒரு யூரோவுக்கு விற்க வருவார்கள். அதன் மதிப்பு ஒன்றுமில்லை. இருந்தாலும் நீங்கள் வாங்குவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கம்யூனிஸ்ட் நாடு என்று பயப்பட என்ன இருக்கிறது? உங்களை யாரும் பின்தொடர மாட்டார்கள். போலீஸ், ராணுவம், துறைமுகம் இவற்றைப் படம் எடுக்காதீர்கள். பேரன் டிரோன் கொடுத்துவிட்டால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். முக்கியமாக, உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டுக்காரரிடம் நீங்களாக அரசியல் பேச்சை எடுக்காதீர்கள். 2021 ஜூலை 11-ல் ஊர் ஊராகத் தெருவுக்கு வந்தவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தத் தெருவில் உங்கள் வீட்டுக்காரரின் உறவும் இருந்திருக்கலாம், எதிர்ப்பக்கம் நின்றவரும் இருந்திருக்கலாம். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். ஃபிடலைத் திட்டினால் பதிலுக்கு வாதாடாதீர்கள், பாராட்டினாலும் கைதட்டாதீர்கள். உங்களுக்கு இது கஷ்டம்தான். சேவின் படம் போட்ட சட்டையைக் கூட சாண்டா கிளாராவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

போகும்போது சோப்பு, பாராசிட்டமால், பற்பசை, தையல் ஊசி, படிக்கிற கண்ணாடி ஒன்றிரண்டு கொண்டு போய் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். தெருவில் குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுகிற பழக்கம் வேண்டாம்.

அந்த ரசீது அடிக்கட்டையையும் எடுத்துப் போங்கள். முழுப் புத்தகம் வேண்டாம், ஒரு தாள் போதும். சோவியத் போன பிறகு வந்த அந்தப் பஞ்ச காலத்தை, ஐம்பது வயது தாண்டிய எந்தக் கியூபரும் மறந்திருக்க மாட்டார். ஹவானா வீட்டில் இரண்டாவது நாள் இரவு, கரண்ட் போனதும், அதைக் காட்டி என்ன என்று சொல்லுங்கள். அதற்கு ஸ்பானிஷ் வேண்டும், நெட் இருக்காது. ஆகவே நெட் இல்லாமலும் ஓடுகிற மொழிபெயர்ப்பு ஆப் ஒன்றை டொராண்டோவிலேயே மகளை வைத்துப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.